“ஃபுல் சர்வீஸ் முடிந்தது” என்று விற்ற வாடகை மவுண்டன் பைக்: கழற்றியபோது இருந்தது இதுதான்

கோடை முடிந்ததும் கனடாவின் வான்கூவர், விஸ்லர் பக்கத்து வாடகைக் கடைகள் அந்த சீசனில் ஓடிய பைக்குகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும். அப்படி ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வாங்கியது 29 அங்குலச் சக்கரமும் முன்னே 160, பின்னே 150 மி.மீ. சஸ்பென்ஷனும் உள்ள பைக். கடைப் பெயர் இங்கே வேண்டாம். பில்லில் எழுதிக் கொடுத்தது: ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்), ஷாக் (பின் சஸ்பென்ஷன்) ஃபுல் சர்வீஸ், பிவட் பேரிங் (ஃபிரேமின் பின்பக்கம் அசையும் மூட்டுகளில் இருப்பது) எல்லாம் புதுசு, டயர் சீலன்ட் (உள்ளிருந்து ஓட்டையை அடைக்கும் திரவம்) புதுசு. மூன்றுமே பொய்.

முதலில் ஃபோர்க். லோயருக்குள், அதாவது ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களுக்குள், ஒவ்வொரு காலிலும், மாடலைப் பொறுத்து, 10 முதல் 40 மி.லி. வரை எண்ணெய் இருக்க வேண்டும். அடி போல்ட்டைத் தட்டிக் கழற்றியபோது இரண்டு காலிலும் சேர்த்து ஒரு டீஸ்பூன்கூட வரவில்லை. வந்ததும் மழைத்தண்ணீர் கலந்து சாம்பல் நிறமாகக் குழம்பியிருந்தது. டஸ்ட் சீலுக்கு அடியில் எண்ணெயில் ஊறிக் கிடக்க வேண்டிய ஃபோம் வளையம் காய்ந்து, விரலால் தொட்டால் மண்ணாக உதிர்ந்தது. வெளியே தெரியும் மேல்குழாயான ஸ்டான்ஷன் மட்டும் பளபளப்பு. துணியால் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் ‘சர்வீஸ்’. ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளுக்கு லோயர் சர்வீஸை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. இன்னொரு தயாரிப்பாளரான ஃபாக்ஸ் முழு சர்வீஸுக்கு 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம் என்கிறது. தினம் ஐந்து மணி நேரம் ஓடும் வாடகை பைக்குக்கு 50 மணி நேரம் என்பது பத்தே நாள்.

ஷாக்கை அழுத்தி விட்டால் உள்ளே சளசளவென்று சத்தம். அசையும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பரின் எண்ணெயில் காற்று கலந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் ஏர் கேன் (காற்று அறை) சீல் மாற்றினால் இது போகாது. டேம்பரைத் திறந்து, எண்ணெய் மாற்றி, திரும்ப நைட்ரஜன் ஏற்ற வேண்டும்.

பேரிங் விஷயத்தில்தான் வேண்டுமென்றே ஏமாற்றியது தெரிகிறது. வெளியே கண்ணில் படும் ராக்கர் (ஷாக்கை அழுத்தும் இணைப்புத் துண்டு) பேரிங் இரண்டை மட்டும் மாற்றியிருந்தார்கள், அதுவும் தப்பான வகை. பிவட் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதில்லை; சில டிகிரி மட்டும் முன்னும் பின்னும் அசையும். அதனால் குண்டுகளைப் பிரித்து வைக்கும் கேஜ் இல்லாமல், முழுக்கக் குண்டுகள் நிறைந்த ‘மேக்ஸ்’ வகை போட வேண்டும். சாதாரண கேஜ் வகையில் குண்டுகள் குறைவு. பாரம் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து, குண்டுகள் உருளும் வளையமான ரேஸில் பள்ளம் விழும். பெடல் அச்சுக்கு மேலே இருக்கும் மெயின் பிவட்டைத் தொடவே இல்லை. பெடல் மாட்டிய கிராங்கைக் கழற்ற வேண்டுமே, யார் மெனக்கெடுவார்கள்? துரு ஏறி, ஒரு பக்கத்து பேரிங் வெளியே வரும்போதே இரண்டாகப் பிரிந்தது. டயருக்குள் சீலன்ட் காய்ந்த தோலாக ஒட்டியிருந்தது. 29 × 2.4 டயருக்கு 100 மி.லி.யாவது திரவமாக இருக்க வேண்டும்.

கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. பெரிய சக்கரம் சின்னக் கல், வேர்மேல் தானாக உருண்டு ஏறிவிடுவதால், இறுகிப்போன ஃபோர்க்கின் குறையை அது மறைத்துவிடும். வடக்கு வான்கூவரின் ஃப்ரோம், சீமோர் மலைகளின் ஈரமான வேர்களில் சாய்வாக இறங்கும்போதுதான் முன்சக்கரம் பிடிப்பு இல்லாமல் நழுவும். ஓட்டுபவர் டயர் காற்றைக் குறை சொல்லி 25 பிஎஸ்ஐயை 20 ஆக்குவார். அடுத்த கல்லில் ரிம் நசுங்கும். சஸ்பென்ஷன் கோளாறு சக்கரச் செலவாக மாறுவது இப்படித்தான்.

வாங்கும்போது ஷாக்கின் இரண்டு போல்ட்டையும் கழற்றச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. பின்பக்கத்தைக் கையால் தூக்கி இறக்கினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நறநறத்தாலோ, இடையில் எங்காவது தங்கி நின்றாலோ பேரிங் போய்விட்டது. மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். ஃபோர்க்கை முன்பிரேக் பிடித்து மெதுவாக அழுத்துங்கள்: முதலில் அசையாமல் நின்று பிறகு சட்டென்று இறங்கினால் உள்ளே எண்ணெய் இல்லை. ஏற்றி இறக்கக்கூடிய டிராபர் சீட்டை முழுக்க இறக்கி, ஷாக் காற்றை விட்டு, பின்சக்கரம் சீட்டிலோ ஃபிரேமிலோ உரசுகிறதா என்றும் பாருங்கள். நீண்ட டிராவல் (சஸ்பென்ஷன் அசையும் தூரம்) உள்ள 29 பைக்கில், அதிலும் சின்ன ஃபிரேமில், இந்தப் பிரச்சினை உண்டு.

சொந்த பைக்கை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் ஃபோர்க்கின் அடி போல்ட், பிவட் போல்ட் எல்லாவற்றிலும் போல்ட்டையும் அதன் பக்கத்து உலோகத்தையும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போட்டுக் கொடுங்கள். திரும்பி வரும்போது கோடு உடையாமல் நேராக இருந்தால் அந்த போல்ட்டை யாரும் திறக்கவில்லை. பழைய சீலையும் பேரிங்கையும் கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லி, அதையும் ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள்.

விற்ற கடையில் படங்களோடு கேட்டபோது வந்த பதில்: “சர்வீஸ் என்றால் எங்களிடம் பரிசோதனை என்று அர்த்தம்.” பேரிங் காசை மட்டும் தருகிறார்களாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 5,000 டாலர் வரையிலான இத்தகைய வழக்குகளை சிவில் ரெசல்யூஷன் டிரிப்யூனலில் வக்கீல் இல்லாமல் ஆன்லைனிலேயே போடலாம். பில், கழற்றும்போது எடுத்த படங்கள், வேறு மெக்கானிக் எழுதித் தரும் மதிப்பீடு ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். பழைய பேரிங்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.