மாத்திரையா, மூளைக்குள் மின்முனையா?

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது வருடம். நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் நடந்தவர், இப்போது வாசல்படியில் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார்.

மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியாதான் எந்த அசைவை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்ய உதவுகிறது. அதில் ஒரு நரம்புப் பாதை 'போ' என்னும், இன்னொன்று 'நில்' என்னும். டோபமைன் என்ற மூளை ரசாயனம் முதலாவதைத் தூண்டி இரண்டாவதை அடக்கும். பார்க்கின்சனில் டோபமைன் குறைவதால் 'நில்' ஓங்கிவிடும்.

லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. 1960களில் வந்தது, இன்றும் இதுதான் முதன்மை மருந்து. பருப்பு, தயிர் போன்றவற்றின் புரதம் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம். அதனால் எங்கள் வீட்டில் இட்லிக்கு முக்கால் மணி நேரம் முன்பே மாத்திரை. வருடங்கள் போகப் போக ஒரு வேளை மாத்திரையின் பலன் சீக்கிரம் தீர்கிறது. சில நேரம் உடம்பு தானாக நெளிகிறது.

இன்னொரு வழி, ஆழ்மூளைத் தூண்டல். 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் நடுக்கத்துக்காக அதன் நவீன வடிவம் தொடங்கியது. பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதியில் மெல்லிய மின்முனை, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. நாள் முழுவதும் சீரான பலன், மாத்திரையும் பெரும்பாலும் குறையும். ஆனால் ரத்தக்கசிவு, தொற்று அபாயம் உண்டு, பேச்சு குழறலாம். முக்கியமானது: நடுக்கத்தைத் தவிர, லெவோடோபாவுக்குக் குறையாத தொல்லை இதற்கும் பெரும்பாலும் குறையாது.

அப்பாவின் கால் மாத்திரை வேலை செய்யும்போது நன்றாகவே நகர்கிறது. அதனால் எனக்கு அறுவை சிகிச்சை பக்கம்தான் மனம் சாய்கிறது.