சம்பல்: வீட்டில் செய்வதா, போத்தலில் வாங்குவதா?

கொழும்பில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் சோஸ் அடுக்கில் இப்போது சீனிச் சம்பல், கட்டச் சம்பல், சிலி பேஸ்ட், மாங்காய்ச் சட்னி, மலே அச்சாறு என்று எல்லாமே போத்தலில் கிடைக்கின்றன. வேலை முடிந்து இருட்டிய பிறகு வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு றாத்தல் பாணோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் எல்லாப் போத்தலும் ஒன்றல்ல. சிலதை வீட்டில் செய்வது வீண் வேலை, சிலதைக் கடையில் வாங்குவது வீண் காசு. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் கேட்பது ஒன்றுதான்: மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காக அதிலிருந்து எதை எடுத்துவிட்டு, எதைச் சேர்த்திருக்கிறார்கள்?

கட்டச் சம்பலில் வாதாட அதிகம் இல்லை. செத்தல் மிளகாய், உப்பு, மாசிக் கருவாடு, சின்ன வெங்காயம், கடைசியில் தேசிக்காய்ப் புளி. பத்து நிமிட வேலை. பச்சை வெங்காயத்தின் காரம் அதை நசுக்குகிற நேரத்தில் பிறப்பது, மறுநாளே மங்கிவிடும். பிழிந்த தேசிக்காயும் வைத்திருக்கக் கசக்கும். அதனால் போத்தலில் அடைப்பவர்கள் வெங்காயத்தை வதக்க வேண்டும், அல்லது வினாகிரி விட வேண்டும். அப்படி வருவது கெட்ட சாமான் என்றில்லை, வேறு சாமான். சித்திரைப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி பாற்சோற்றோடு சேர்த்து அனுப்பும் கட்டச் சம்பலைத் தின்றவர்களுக்கு வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

இங்கே உண்மையான போட்டி வீட்டுக்குள்ளேயேதான்: இடிப்பதா, கிரைண்டரில் அடிப்பதா? கிரைண்டரின் பிளேட் வெங்காயத்தை நறுக்கித் தள்ளித் தண்ணீராக்கிவிடும், சில நேரம் கசப்பும் இறங்கும். கல்லில் நசுக்கினால் நார் நாராகக் கிடந்து உப்பையும் மிளகாயையும் பிடித்துக்கொள்ளும். ஃபிளாட்டில் நாலாம் மாடியில் இருந்துகொண்டு காலை ஆறு மணிக்கு உரல் இடித்தால் கீழ் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது இன்னொரு பிரச்சினை. நடுவழி ஒன்று இருக்கிறது. மிளகாய், உப்பு, மாசி மூன்றையும் காய்ந்தபடியே கிரைண்டரில் இரண்டு சுற்று விட்டு எடுத்து, வெங்காயத்தை மட்டும் சின்னக் கல்லுரலில் நசுக்கிச் சேர்க்கலாம். சத்தமும் குறைவு, ருசியும் போகாது.

தேங்காய்ச் சம்பலுக்குப் போத்தல் போட்டியே கிடையாது. திருவிய தேங்காய் கொழும்புச் சூட்டில் காலையில் செய்தது மாலைக்குள் புளித்துவிடும். 2025 தொடக்கத்தில் தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது பலர் பாதித் தேங்காயில் சம்பலும் மிச்சத்தில் பாலும் என்று சமாளித்தார்கள். பைக்கற்றில் வரும் உலர்ந்த தேங்காய்த் துருவலை நனைத்துச் சம்பல் போடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். அதைவிடப் பாணுக்குப் பட்டர் பூசிச் சாப்பிடலாம்.

சரி, சீனிச் சம்பலுக்கு வருவோம். வீட்டுக்கும் கடைக்கும் இடைவெளி மிகப் பெரியது இதில்தான்.

சீனிச் சம்பலின் இனிப்பு பெரும்பாலும் வெங்காயத்தின் இனிப்பு. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் மெல்ல மெல்லப் போய், உள்ளே இருக்கும் சீனிச்சத்து திரண்டு நிறம் மாறுவதற்கு நேரம் வேண்டும். நேரம் என்றால் காஸ், காஸ் என்றால் காசு. நேரத்தைக் குறைத்துச் சீனியைக் கூட்டினால் நிறமும் பளபளப்பும் சீக்கிரம் வந்துவிடும், சீனி கூடினால் கெடுவதும் தள்ளிப்போகும். நான் வாங்கிப் பார்த்த போத்தல்களில் பல இந்த வழியில் போனவை போலத்தான் இருந்தன. லேபலைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்துவதுதான் முறை. வெங்காயத்துக்கு அடுத்ததாகவே சீனி நின்று, மாசி கடைசிப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தால், கையில் இருப்பது காரம் போட்ட ஜாம்.

வீட்டில் ஒரு கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லியதாக, ஒரே தடிப்பில் வெட்டுங்கள். சின்ன வெங்காயம் இன்னும் ருசி என்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிக்க வீட்டில் ஆள் வேண்டும். தடித்த அடியுள்ள சட்டியில் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் விட்டு, ரம்பை, கறிவேப்பிலை, ஒரு துண்டு கறுவா, இரண்டு ஏலக்காய் போட்டு வாசம் வந்ததும் வெங்காயமும் உப்பும். உப்பு முதலிலேயே போக வேண்டும், அதுதான் தண்ணீரை வெளியே இழுக்கும். அப்புறம் மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம், தேவைப்பட்டால் ஒரு மணித்தியாலம். முதலில் சட்டி நிறைந்து கிடந்தது வற்றி வற்றிக் கால்வாசிக்கு வரும். வெங்காயம் கண்ணாடி போலாகி, பொன்னிறமாகி, செம்மண் நிறத்துக்குப் போகும்போது இடித்த செத்தல் மிளகாயும் மாசித்தூளும், பிறகு கெட்டியாகக் கரைத்த பழப்புளியும். சீனி கடைசியில், ஒன்றோ இரண்டோ மேசைக்கரண்டி. முன்னாலேயே போட்டால் அடியில் பிடித்துக் கருகிவிடும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் இறக்கலாம்.

மாசியில் கஞ்சத்தனம் கூடாது, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்து எடுப்பது அது. நல்ல மாசித் துண்டுகள் இரண்டைத் தட்டினால் விறகுக் கட்டை போலச் சத்தம் வரும், உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாக மினுங்கும். அமுங்குகிற, ஈரவாடை அடிக்கிற துண்டைப் புறக்கோட்டையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை சைவம் பார்க்கிற வீடுகளுக்கு வீட்டுச் சம்பலில் ஒரு வசதி: மாசி போடுவதற்கு முன் பாதியைத் தனியே எடுத்துவைத்து, அதில் பழப்புளியையும் கறுவாவையும் சற்றுக் கூட்டலாம். கடையில் மாசி இல்லாத போத்தலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

செலவைச் சொல்லாமல் விடக்கூடாது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இங்கே பெரிய வெங்காயம் விலை ஏறி, சீனிச் சம்பல் பணக்காரச் சாப்பாடானது. அந்த மாதிரி நேரத்தில் போத்தல்தான் மலிவு. மற்றபடி, நன்றாக வற்றிய வீட்டுச் சம்பல் காய்ந்த போத்தலில், காய்ந்த கரண்டி மட்டும் போட்டு எடுத்தால் பிரிட்ஜில் சில வாரங்கள் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோதும் எங்கள் வீட்டில் பதறாமல் இருந்த சாமான் அதுதான். தக்காளிச் சட்னி மறுநாளே போய்விட்டது.

சிலி பேஸ்ட் வேறு கதை. இதைக் காப்பாற்றுவது வினாகிரியின் புளிப்பு. அதே வேலையைத் தொழிற்சாலையும் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. மாவுப்பொருள் போட்டுக் கெட்டியாக்காத போத்தலாகப் பார்த்து எடுத்தால் வீட்டில் செய்ததற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. வீட்டில் செய்வதில் ஒரு லாபம், எந்த வினாகிரி என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்த செயற்கை வினாகிரி மூக்கில் ஏறும், தென்னங்கள்ளில் செய்தது மெல்லென்று இருக்கும். செய்வதென்றால் செத்தல் மிளகாயைத் தண்ணீரில் அல்ல, வினாகிரியிலேயே ஊறவையுங்கள். தண்ணீர் சேரச் சேரப் புளிப்பு இறங்கி, பூஞ்சணம் பிடிக்கும். உள்ளி போட்டு அரைத்ததை எண்ணெயில் மூடி மேசையில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது ஆபத்து. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் புளிப்பில்லாத உள்ளி கிடந்தால் பொட்டுலிசம் கிருமி வளர இடம் கிடைத்துவிடும், மணத்திலோ நிறத்திலோ தெரியாது. வினாகிரி நிறைய இருக்க வேண்டும், பிரிட்ஜிலும் இருக்க வேண்டும்.

தக்காளி சோஸ் வாங்குங்கள். கிலோக்கணக்கில் தக்காளி வேகவைத்து, வடித்து, வற்றவைத்து ஒரு சின்னப் போத்தல் எடுத்து, பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "கடைச் சோஸ் இல்லையா அம்மா?" என்று கேட்பதற்கு அவ்வளவு பாடு தேவையில்லை. பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸும் இந்த ஊர் வெக்கைக்கு வேண்டாம், கடைப் போத்தலே பாதுகாப்பு.

கச்சான் பட்டர் நேர்மாறு. டின்னிலும் போத்தலிலும் வரும் வெளிநாட்டுச் சாமானின் விலையைப் பார்த்தால் கை பின்வாங்கும். கச்சானில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய், வெளியிலிருந்து சொட்டும் ஊற்ற வேண்டாம். வறுத்து, தோல் ஊதி, கிரைண்டரில் விட்டுவிட்டு அடித்தால் முதலில் தூள், பிறகு உருண்டை, கடைசியில் தானாக இளகும். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடாகிவிடும், நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள். கருகல் பிடித்த, பூஞ்சணம் பட்ட பருப்பை முதலிலேயே பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

அறை எடுத்துத் தங்கி, ஒற்றை அடுப்பில் சமைப்பவர்களுக்கு முக்கால் மணித்தியாலம் கிண்டச் சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு இடைவழி ஒன்று. கடைச் சீனிச் சம்பல் போத்தல் ஒன்று வாங்குங்கள். இரண்டு பெரிய வெங்காயத்தை வெட்டிப் பொன்னிறமாக வதக்கி, கொஞ்சம் பழப்புளி, இடித்த மிளகாய், ஒரு பிடி மாசித்தூள் போட்டு, அதில் பாதிப் போத்தலைக் கொட்டி ஐந்து நிமிடம் பிரட்டி எடுங்கள். அதிக இனிப்பு அடங்கிவிடும். மீதிப் பாதி அடுத்த கிழமைக்கு.