பழைய லேப்டாப்ல லினக்ஸ் மிண்ட் போட்டு பாத்தாச்சு

2012-ல வாங்குன லேப்டாப்புங்க, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 போடலாம்னு பாத்தா அதுக்கு வேண்டிய டிபிஎம் 2.0 (செக்யூரிட்டி சிப்) இல்ல, ப்ராசஸரும் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இல்ல, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, நல்லா ஓடுற மெஷின தூக்கிப்போட மனசே வரல. அதான் விண்டோஸுக்கு பதிலா ஃப்ரீயா கிடைக்குற லினக்ஸ் மிண்ட்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட எக்ஸ்எஃப்சிஇ எடிஷன (பழைய மெஷினுக்கு ஏத்த லைட்டான வெர்ஷன்) பென்டிரைவ்ல ஏத்தி, இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே லைவா ஓட்டிப் பாத்தேன், சவுண்டு, கேமரா எல்லாம் தானா வேலை செஞ்சுது, வைஃபை மட்டும் வரல. மொபைல்ல இருந்து யூஎஸ்பி டெதரிங்ல நெட் குடுத்து டிரைவர் மேனேஜர்ல ஒரு கிளிக் பண்ணதும் அதுவும் வந்துருச்சு, அவ்ளோ சந்தோஷம்! கூடவே பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா எஸ்எஸ்டி மாட்டுங்க, ஸ்பீடு அதுலதான் தெரியும். ஸ்கேனர்தான் இன்னும் சரியாகல, அந்த கம்பெனி லினக்ஸுக்கு டிரைவரே விடல. 32 பிட் மெஷின்னா (ரொம்ப பழைய வகை ப்ராசஸர்) மட்டும் இது ஏறாது, முதல்ல அத பாத்துக்கோங்க.