ஆறு கேள்விகள், இரண்டு நிமிடம்: ஈஏஎஸ்ஐ கேள்வித்தாளைப் பயன்படுத்தியதில்

முதியோருக்கான வெளிநோயாளிகள் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். வீட்டுக்குள்ளேயே அடி, மிரட்டல், பட்டினி, பணப்பறிப்பு என்று அவதிப்படும் வயதானவர்களை அடையாளம் காண நாங்கள் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாளைப் பற்றி எழுதுகிறேன். பெயர் எல்டர் அப்யூஸ் சஸ்பிஷன் இண்டெக்ஸ், சுருக்கமாக ஈஏஎஸ்ஐ. மருத்துவமனையிலோ முதியோர் நலப் பணியிலோ இருக்கும் பலர் இதை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் இந்தத் தாள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

கனடாவில் மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குடும்ப மருத்துவர் மார்க் யாஃபியும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 2008இல் வெளியிட்ட தாள் இது. ஒரே பக்கம்தான். கடந்த 12 மாதங்களில் நடந்ததைப் பற்றி ஐந்து கேள்விகளை நோயாளியிடம் கேட்க வேண்டும். ஆறாவது கேள்விக்கு மருத்துவர் தான் கண்டதை வைத்துத் தானே பதில் எழுத வேண்டும். இரண்டாவது முதல் ஆறாவது வரை ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்று வந்தாலே விஷயத்தை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள். நோயாளி தயங்காமல் பேசினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இப்படி ஒன்று ஏன் தேவை? 60 வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓர் ஆண்டுக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வெளியே தெரியவருவது 24 சம்பவங்களில் ஒன்றுதான் என்பதும் அதே அமைப்பு சொல்லிவந்த மதிப்பீடு. என் அனுபவத்தில், வயதானவர்கள் யாரும் தாங்களாக வந்து ‘என் பிள்ளை அடிக்கிறான்’ என்று ஆரம்பிப்பதில்லை. மூட்டு வலி என்பார்கள், தூக்கமில்லை என்பார்கள், பசியில்லை என்பார்கள். நாம்தான் கேட்க வேண்டும். நமக்கோ கேட்க வாய் வராது. இந்தத் தாள் கையில் இருந்தால், ‘இங்கே வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விம்மா’ என்று தொடங்க முடிகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை மேசையில் வைத்திருக்கலாம்.

முதல் கேள்வி நேரடியாகக் கொடுமையைப் பற்றியது இல்லை. குளிக்க, உடுத்த, கடைக்குப் போக, வங்கி வேலைக்கு, சாப்பாட்டுக்கு யாரையாவது சார்ந்திருக்கிறீர்களா என்று கேட்கிறது. நல்ல ஆரம்பம். யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்ற படம் அதிலேயே வந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் இந்தத் தாளின் உயிர். உணவு, உடை, மருந்து, மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, மருத்துவ உதவி இவை கிடைக்காமல் யாராவது தடுத்தார்களா? நீங்கள் பார்க்க விரும்பியவர்களைப் பார்க்கவிடாமல் தடுத்தார்களா? கண்ணாடியையும் காதுக் கருவியையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர் வயதானவர்களை உண்மையாகக் கவனித்துப் பார்த்தவர்.

எங்களிடம் வந்த ஓர் ஐயாவைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மகன் அழைத்து வந்தார். நான் எது கேட்டாலும் ஐயா சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். “அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு சிஸ்டர், என்னையே கேளுங்க” என்றார் மகன். ஐயாவின் சட்டைப் பையில் காது மெஷின் இருந்தது. திறந்து பார்த்தால் பேட்டரி செத்துப்போய் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் இழுப்பறையில் அந்த அளவில் ஒரு பேட்டரி இருந்தது. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்து, உள்ளே போட்டு, அவர் காதில் வைத்தேன். மகனை மருந்துச் சீட்டு வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தேன். ஐயாவிடம் அதே இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். தேதி, கிழமை, பேத்தி படிக்கும் வகுப்பு எல்லாம் தெளிவாகச் சொல்லும் மனிதர் அவர். “பேட்டரி கேட்டா கத்துறான்மா. அதான் கேக்கறதில்ல” என்றார். அப்புறம் மெதுவாக மற்றவையும் வந்தன.

காது கேட்காதவரை மறதிக்காரர் ஆக்கிவிடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். மறதிக்காரர் என்று பெயர் வந்துவிட்டால் அவர் சொல்லும் எதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. பேட்டரி வாங்கித் தராததைக் கொடுமை என்று அந்த வீட்டில் யாருமே நினைத்திருக்க மாட்டார்கள், ஐயா உட்பட. கேள்வி வந்த பிறகுதான் அது அங்கே பேசப்பட்டது.

மூன்றாவது, யாராவது பேசிய விதத்தால் அவமானமோ பயமோ ஏற்பட்டு மனம் நொந்தீர்களா என்ற கேள்வி. இதற்கு ‘ஆம்’ அதிகம் வருகிறது. அதனால் சிலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. ‘முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவேன்’ என்று தினமும் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது வெறும் பேச்சு இல்லை.

நான்காவது, கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்குவது, விருப்பத்துக்கு மாறாகப் பணத்தைப் பயன்படுத்துவது பற்றியது. கேள்வி சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓர் ஓட்டை உண்டு. நிறையப் பேர் விரும்பியேதான் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்திருப்பார்கள். பிறகு கணக்குக் கேட்டால் சண்டை வரும், அதனால் கேட்பதை விட்டுவிடுவார்கள். அவர்களிடம் ‘விருப்பத்துக்கு மாறாக’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். நான் கூடவே, “உங்க கணக்குல இப்ப எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்கிறேன். தாளில் இல்லாத கேள்வி, ஆனால் பலரைப் பேசவைக்கிறது.

எனக்கு மனக்குறை ஐந்தாவது கேள்வியில். யாராவது உங்களைப் பயமுறுத்தினார்களா, நீங்கள் விரும்பாத விதத்தில் தொட்டார்களா, உடலில் காயப்படுத்தினார்களா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறது. ‘ஆம்’ என்றால் எதற்கு ஆம்? ‘இல்லை’ என்றால் மூன்றுக்கும் இல்லையா? வயதான பெண்களுக்குப் பாலியல் வன்முறை நடக்கும் என்று பல மருத்துவர்களுக்கே தோன்றுவதில்லை. அந்தக் கேள்வியை இரண்டு கேள்விகளுக்கு நடுவே இப்படி நுழைத்துவிட்டால், சொல்ல நினைத்தவரும் சொல்லாமல் போவார். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கணவரைப் பற்றி இதில் சொல்ல வாயெடுத்தார். அடுத்த வார்த்தையாகக் காயத்தைப் பற்றிய பகுதியை நான் படித்ததும், “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்று முடித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு இன்னொரு வருகையில்தான் பேச முடிந்தது. தாள் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று சேர்த்திருப்பார்கள், புரிகிறது. ஆனாலும் இந்தக் கேள்விகள் தனித்தனியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆறாவது, மருத்துவர் பார்க்க வேண்டியது: கண்ணைப் பார்த்துப் பேசாமை, ஒதுங்கிப்போதல், ஊட்டக்குறைவு, சுத்தமின்மை, வெட்டு, கன்றிய காயம், பொருந்தாத உடை, மருந்து சரியாக எடுக்காமை. பட்டியல் நல்லதுதான், ஆனால் கன்றிய காயத்தைப் பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வயதானவர்களுக்குத் தோல் மெலிந்திருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவர்களுக்குச் சும்மா இடித்தாலே கன்றிப்போகும். முதியோரின் கன்றிய காயங்களைப் பற்றி அமெரிக்க முதியோர் மருத்துவர் லாரா மோஸ்கெடாவின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிகவும் உதவியது. தற்செயலாக ஏற்பட்ட காயங்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் கை கால்களில்தான் இருந்தன. கழுத்து, காது, பிறப்புறுப்பு, புட்டம், உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. இன்னொன்று, நிறத்தை வைத்துக் காயத்தின் வயதைச் சொல்ல முடியாது. முதல் நாளிலேயே மஞ்சளாக மாறிய காயங்களும் அந்த ஆய்வில் இருந்தன. அதனால் ‘பழைய காயம்’ என்று எழுதாமல், எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், அவர் என்ன சொன்னார் என்று அவருடைய வார்த்தையிலேயே கோப்பில் எழுதுங்கள். பிறகு எப்போதாவது அது தேவைப்படும்போது அந்த வரிகள்தான் அவருக்காகப் பேசும்.

சரி, இதை எவ்வளவு நம்பலாம்? 900க்கும் மேற்பட்ட முதியோரிடம் இதைப் பயன்படுத்தி, சமூகப் பணியாளர்கள் செய்த விரிவான மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கொடுமைக்கு ஆளானவர்களில் 47 சதவீதத்தினரைத்தான் இந்தத் தாள் பிடித்தது. ஆளாகாதவர்களில் 75 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்கள் தப்பிவிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்துவது ஆபத்து. ஐந்துக்கும் ‘இல்லை’ வந்துவிட்டது, ஆகவே இந்த வீட்டில் பிரச்சினை இல்லை என்று கோப்பை மூடிவிடக் கூடாது. அடுத்த வருகையிலும் கேளுங்கள். முதல் முறை மறுத்தவர்கள் பிறகு சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு இந்தத் தாள் உருவாக்கப்படவில்லை. நினைவாற்றல் சோதனையில் 30க்குக் குறைந்தது 24 எடுத்தவர்களிடம்தான் இதைச் சோதித்தார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களே வெளியில் நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். அவர்கள் விஷயத்தில் பராமரிப்பவரோடு தனியாகப் பேசுவது, எடை குறைவதைக் கவனிப்பது, மருந்து தீர வேண்டிய நாளில் தீருகிறதா என்று பார்ப்பது என்று வேறு வழிகளில்தான் போக வேண்டும்.

தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டியது ஒன்று: தனியாகக் கேளுங்கள். கூட வந்தவர் முன்னால் கேட்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம். வீட்டுக்குப் போனதும் அதற்கான தண்டனை கிடைக்கும். எடை பார்க்க வேண்டும், சிறுநீர் மாதிரி எடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போகலாம். மொழி தெரியாதவர் என்றால் குடும்பத்தாரை மொழிபெயர்க்க வைக்கவே கூடாது.

பெரிய குறை, ‘ஆம்’ வந்த பிறகு என்ன செய்வது என்று அதில் ஒன்றுமே இல்லை. யார் செய்தது என்றும் கேட்பதில்லை. ‘முதியோர் கொடுமை’ என்றதும் எல்லோரும் பிள்ளைகளையும் மருமகளையும் நினைக்கிறார்கள். செய்பவர் கணவராகவும் இருப்பார், மனைவியாகவும் இருப்பார். நாற்பது வருடமாக அடிக்கும் கணவர் இப்போது மனைவிக்குப் ‘பராமரிப்பாளர்’ என்று எழுதப்பட்டிருப்பார். காயம் தெரிந்தால், ‘பாவம், பராமரிப்புச் சுமை’ என்று அவருக்கு ஓய்வு ஏற்பாடு செய்வார்கள். சுமையால் நிலைகுலைபவர்கள் உண்டு, அவர்களுக்கு உதவி தேவை. ஆனால் இவர் விஷயம் வேறு. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

‘ஆம்’ வந்தால் நான் முதலில் கேட்பது, “இன்னைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமா இருக்கா?” என்பது. பயம் என்றால் சமூகப் பணியாளர் வரும்வரை அவரை அனுப்புவதில்லை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான காப்பகங்கள் பல, நடைச்சட்டத்தோடு வருபவரையும் குளிக்க உதவி தேவைப்படுபவரையும் ஏற்கும் வசதியோடு இல்லை. நியூயார்க்கில் ஒரு முதியோர் இல்லத்துக்குள்ளேயே 2005இல் தொடங்கிய வெயின்பர்க் மையம் இதற்கென்றே இடம் ஒதுக்கியது. அதுபோல எங்கும் வர வேண்டும். பயமில்லை, போகிறேன் என்றால் அது அவர் முடிவு. தெளிவான மனதோடு இருப்பவரைக் குழந்தைபோல இழுத்துப் போக நமக்கு உரிமை இல்லை. அடையாள அட்டை, சில நாள் மருந்து, கண்ணாடி, காது மெஷின் பேட்டரி இவற்றை ஒரு சின்னப் பையில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறேன். அடுத்த வருகைக்கு ஏதாவது காரணம் சொல்லி நாள் குறித்துக்கொடுக்கிறேன்.

இதைப் படிப்பவர் மருத்துவத் துறையில் இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கவலைப்படுபவராக இருக்கலாம். இந்தத் தாளின் ஐந்து கேள்விகளை முதியவர் தானே படித்து நிரப்பும் வடிவத்தையும் 2012இல் சோதித்து வெளியிட்டார்கள், ஆனால் அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்காதீர்கள். வீட்டில் யார் கண்ணிலாவது படும். அவர் தனியாக இருக்கும்போது பேசுங்கள். செய்பவரிடம் போய் நியாயம் கேட்காதீர்கள், கோபம் திரும்பி விழுவது பெரியவர்மேல்தான். அவருடைய கைபேசியை வேறு யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றால் செய்தி எதுவும் அனுப்ப வேண்டாம். உதவி எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, மேலே பல் டாக்டர் என்று போட்டுக் கொடுங்கள்.