ஹிகாஷினோவும் மட்சுமோட்டோவும்: கொலைக்குக் காரணம் தேடும் இரு வழிகள்

ஜப்பானியத் துப்பறியும் நாவல்களுக்குள் நுழைகிற தமிழ் வாசகர்களில் பலர் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக கெய்கோ ஹிகாஷினோவிடம்தான் முதலில் வந்து சேர்கிறார்கள். அவருக்கு ஒரு தலைமுறை முந்தைய செய்ச்சோ மட்சுமோட்டோவை அறிந்தவர்கள் குறைவு. இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு நியாயம் உண்டு: கொன்றது யார் என்ற கேள்வியைவிட ஏன் கொன்றார் என்ற கேள்வியே இருவருக்கும் முக்கியம். ஆனால் விடையை அவர்கள் தேடும் இடங்கள் வேறு. மட்சுமோட்டோ அதைப் போருக்குப் பிந்தைய ஜப்பானின் வரலாற்றில் தேடுகிறார். ஹிகாஷினோ இரண்டு மனிதர்களுக்கு இடையே உள்ள உறவில் தேடுகிறார்.

வந்த பாதைகளும் வேறானவை. 1909இல் பிறந்த மட்சுமோட்டோவின் படிப்பு இளம் வயதிலேயே நின்றுபோனது. கொகுரா நகரில் அச்சுத் தொழில் கற்று, பின்னர் ஆசாஹி நாளிதழின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர், நாற்பது வயதைக் கடந்த பிறகே எழுத்தாளரானார். 1952ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கான அகுதகவா பரிசு, தீவிர இலக்கியத்துக்கு உரிய அந்தப் பரிசு, அவருக்குக் கிடைத்தது. ஒசாகாவில் 1958இல் பிறந்த ஹிகாஷினோ மின்பொறியியல் படித்து, வாகன உதிரிப்பாக நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர். 1985இல் துப்பறியும் நாவலுக்கான எடோகாவா ராம்போ பரிசு பெற்றதும் வேலையை விட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். வெகுசன இலக்கியத்துக்கான நவோகி பரிசின் இறுதிப் பட்டியலில் ஐந்து முறை இடம்பெற்றும் கிடைக்காமல், ஆறாவது முறையில், 2006இல்தான் அது அவர் கைக்கு வந்தது.

மட்சுமோட்டோவின் முறையைக் காண 1958இல் நூலாக வந்த 'புள்ளிகளும் கோடுகளும்' போதும். அண்மை ஆங்கிலப் பதிப்பில் அதற்கு 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஃபுகுவோகா அருகே கஷீ கடற்கரையில் அமைச்சக அதிகாரி ஒருவரும் உணவக விடுதிப் பணிப்பெண் ஒருவரும் இறந்துகிடக்கிறார்கள். காதலர்கள் சேர்ந்து செய்துகொண்ட தற்கொலை என்று காவல்துறை கோப்பை மூடத் தயாராக இருக்கும்போது, ரயிலின் உணவுப் பெட்டியில் கொடுத்த ரசீது ஒருவர் சாப்பிட்டதற்கு மட்டுமே இருப்பது ஒரு முதிய துப்பறிவாளருக்கு உறுத்துகிறது. டோக்கியோ நிலையத்தின் பதின்மூன்றாவது நடைமேடையிலிருந்து பதினைந்தாவது நடைமேடையை இடையில் ரயில் மறைக்காமல் பார்க்கக் கிடைக்கும் நேரம் மாலையில் வெறும் 4 நிமிடம் என்பதும், அக்காலத்து உண்மையான கால அட்டவணையைக் கொண்டே கதை பின்னப்பட்டிருப்பதும் ரயில் பித்து உள்ளவர்களுக்குத் தனி விருந்து. ஆனால் அந்த அட்டவணைக்குப் பின்னால் இருப்பது அமைச்சகத்து லஞ்ச ஊழலும், மேலே இருப்பவர் தப்பக் கீழே இருப்பவர் சாக நேர்கிற அலுவலக ஒழுங்கும்தான். இன்று படிப்பவர், புதிரின் ஒரு பகுதிக்கு விடையைத் துப்பறிவாளர்களுக்கு வெகு முன்பே ஊகித்துவிடுவார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. மதிய உணவுக் கடையில் வேலை செய்யும் யாசுகோ, தன்னைத் துரத்திவரும் முன்னாள் கணவனை மகளின் துணையோடு கொன்றுவிடுவதை முதல் அத்தியாயத்திலேயே பார்த்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி அதை மறைக்க முன்வருகிறார். அவருடைய கல்லூரி நண்பரான இயற்பியலாளர் யுகாவா அதை அவிழ்க்க வருகிறார். எல்லாம் தெரிந்தபின் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைக்கும் வாசகரைத்தான் ஹிகாஷினோ ஏமாற்றுகிறார். கடைசியில் திறக்கும் உண்மை தந்திரமாக மட்டும் நில்லாமல், ஒருவர் இன்னொருவருக்காக எவ்வளவு தூரம் போவார் என்பதன் அளவாகவும் ஆகிவிடுகிறது. இதைத் தூய புதிர்க்கதையாக ஏற்கலாமா என்று ஜப்பானிய விமர்சகர்களிடையே பெரிய விவாதமே நடந்தது.

இந்த அமைப்புதான் அவர் கதைகளைக் கடல் தாண்ட வைத்தது. இஷிகாமியின் கதை ஜப்பானிலும் கொரியாவிலும் சீனாவிலும் படமாகி, 2023இல் 'ஜானே ஜான்' என்று இந்தியிலும் வந்தது. கொரியப் படமும் இந்திப் படமும் இயற்பியலாளரை நீக்கி அந்த இடத்தில் காவல் அதிகாரியை வைத்தன; கதையின் இதயத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. புகழ்பெற்ற துப்பறிவாளரையே எடுத்துவிட்டாலும் நிற்கும் கதைக்கு ஊர் எதுவானால் என்ன? மட்சுமோட்டோவை அப்படிப் பெயர்த்து நட முடியாது. 'இன்ஸ்பெக்டர் இமானிஷி இன்வெஸ்டிகேட்ஸ்' நாவலின் முடிச்சு, வடகிழக்கு ஜப்பானின் பேச்சு வழக்கைப் போன்ற ஒன்று மேற்கே இஸுமோ பகுதியிலும் வழங்குகிறது என்ற செய்தியில் இருக்கிறது. அந்த நிலவியலை எடுத்தால் நாவலே இல்லை.

குறைகளில் இருவரும் சமமானவர்கள் அல்லர். மட்சுமோட்டோவின் துப்பறிவாளர்கள் ஊர் ஊராக அலைந்து, கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருக்கும் பக்கங்கள் பொறுமையைச் சோதிக்கின்றன. தற்செயல்களையும் அவர் தாராளமாகப் பயன்படுத்துகிறார். ஹிகாஷினோவிடம் அந்தத் தொய்வு இல்லை, ஆனால் ஆங்கிலத்தில் படிக்கையில் நடை தட்டையாகவே இருக்கிறது. யுகாவா வரும் தொடக்ககாலச் சிறுகதைகள் பலவும் ஆய்வகச் சோதனைக்கு ஆடை போர்த்தியவை என்றே எனக்குத் தோன்றுகின்றன. என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த துப்பறிவாளர் யுகாவா அல்ல, அவருடைய வேறு சில நாவல்களில் வரும் காவல்துறைத் துப்பறிவாளர் காகா. 'மாலிஸ்' நாவலில் கொலையாளி பாதி தூரத்துக்கு முன்பே பிடிபட்டுவிடுகிறார். மீதிப் பக்கங்கள் முழுவதும் காரணத்தை மட்டுமே தோண்டுகின்றன. கொலையாளியின் எழுத்தும் காகாவின் குறிப்புகளும் மாறி மாறி வரும் அந்த அமைப்பில், வாசகர் நம்பிய ஒவ்வொன்றும் காலடியில் நழுவுகிறது.

ஹிகாஷினோ மட்சுமோட்டோவின் பகுதிக்குள் துணிந்து நுழைந்த நூல் ஒன்று உண்டு: 1999இல் வந்த 'ஜர்னி அண்டர் தி மிட்நைட் சன்'. 1973இல் ஒசாகாவில் அடகுக் கடைக்காரர் ஒருவர் கொலையாவதில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடும் இதில், எண்ணெய் நெருக்கடியும், வங்கி அட்டை மோசடியும், கணினி விளையாட்டுத் திருட்டுப் பிரதிகளும் பின்னணியாக வருகின்றன. மைய மாந்தர் இருவரின் மனத்துக்குள் ஆசிரியர் ஒருமுறைகூட நுழைவதில்லை. சமூகத்தையும் உறவையும் ஒரே கதையில் அவர் கட்டிக்காட்டியது இங்கேதான்.

எனவே ஓரிரு இரவுகளில் முடித்து அதிர்ந்துபோக விரும்புகிறவர் 'மாலிஸ்' நாவலை எடுக்கலாம். 'சஸ்பெக்ட் எக்ஸ்' அடுத்ததாக இருக்கட்டும். ஜப்பான் என்ற நாட்டை ஒரு வழக்கின் வழியே அறிய விரும்புகிறவருக்கு மட்சுமோட்டோதான், அதிலும் அளவில் சிறியதான 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்'. அதைப் படிக்கும்போது ஜப்பான் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.