கல் பார்க்க வருகிறவர் சீட்டை உரித்தால் உடனே நிறுத்துங்கள்

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தொண்டிப் பக்கம் யாராவது வீட்டில் பழைய கல், புதைபடிவம் என்று சேர்த்து வைத்திருந்தால் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதைதான்.

எங்கள் வாப்பா கப்பலில் வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்தவர்கள் சென்ட்டும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்த காலத்தில் இவர் ஹாம்பர்க்கிலிருந்து கல் கொண்டுவருவார். உம்மா திட்டாத நாள் இல்லை. மொத்தம் 11 கல். நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட், மூன்று ட்ரைலோபைட் (பூச்சி மாதிரி ஓடு போட்ட பழங்காலக் கடலுயிர்), அப்புறம் அவர் உயிராக வைத்திருந்த நான்கு கறுப்புப் பலகைக் கற்கள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன உயிர் படுத்திருக்கும். பெரிய தலை, பெரிய கண்குழி, மெல்லிய வால். "இது தவளைக்கும் முந்தின சாதிம்மா" என்பார். கல்லின் பின்னால் கடைக்காரர் ஒட்டிய ஜெர்மன் சீட்டு இருக்கும்.

வாப்பா மௌத்தான பிறகு, துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்), "யாரையாவது வைத்து என்ன என்னவென்று எழுதி வாங்கு" என்றார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, புதைபடிவ நிபுணர் என்று ஒருவர் வந்தார். கல்லுக்கு 1,500 ரூபாய், ஆக 16,500. அரைமணி நேரம் லென்ஸை வைத்துப் பார்த்தார். எங்கே வாங்கியது, எப்போது வாங்கியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். போட்டோ சுத்தமாக வர வேண்டும் என்று சொல்லி, சீட்டுகளையெல்லாம் வெந்நீரில் நனைத்து உரித்தார். நான்தான் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். மேலே வார்னிஷும் பூசினார்.

பிறகு நான்கில் ஒன்று போலி என்றார். அதைக் கொடுத்துவிட்டு, கூட 9,000 ரூபாய் போட்டால் "முழுசா வளர்ந்த இருவாழ்வி" ஒன்று தருவதாகச் சொன்னார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நீளக் கழுத்தோடு அம்சமாக இருந்தது. கொடுத்தேன்.

லேமினேட் செய்த சான்றிதழ் ஒரு வாரத்தில் தபாலில் வந்தது. மிச்சம் மூன்றுக்கும் "பல்லி இனம், டைனோசர் காலம், கிடைத்த இடம்: ராமநாதபுரம் கடற்கரை" என்று போட்டிருந்தது. கல் இருந்த வீடு இங்கே என்பதால் கல்லும் இங்கேதான் பிறந்ததாம்! பாம்பன், ராமேஸ்வரம் கரையில் நாம் பார்ப்பது பவளப் பாறையும் சிப்பி ஒட்டிய மணற்பாறையும்தான். பூமியின் வயதுக்கு அதெல்லாம் நேற்றுப் பிறந்தது.

மச்சியின் மகள் திருச்சியில் புவியியல் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "மாமி, முன்னங்கையில் விரலை எண்ணுங்கள்" என்றாள். நான்கு. பல்லிக்கு ஐந்து இருக்கும். தலைக்குப் பின்னால் மங்கலாக இறகு போலத் தெரிவது வெளிச்செவுள், தலைப்பிரட்டைக்கு இருக்குமே, அதுதான் என்றாள். பெர்மியன் காலத்து இருவாழ்வி, டைனோசரே பிறக்காத காலம், ஏறக்குறைய 29 கோடி வருஷம். அந்த நீளக் கழுத்துக்காரரோ சீனாவின் குய்ச்சோ மாகாணத்துக் கடல் ஊர்வனவாம், பெயர் கெய்ச்சோசாரஸ். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் விலா எலும்பைத் துடைத்தாள். பஞ்சு கறுப்பானது. அடியில் வெறும் பிசின். பாதி எலும்பு தூரிகையால் வரைந்தது. ஆக, இருவாழ்வியைப் பல்லி என்றும் பல்லிச் சொந்தத்தை இருவாழ்வி என்றும் எழுதி வாங்க நான் 25,500 ரூபாய் செலவழித்திருக்கிறேன்.

பணம் போனதை விட்டுவிடலாம். அவளுடைய பேராசிரியருக்குப் படம் அனுப்பினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "சீட்டு எங்கே?" இந்தச் சின்ன உருவங்களில் பல இனங்கள் உண்டு, எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு என்று தெரிந்தால்தான் பெயரை உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். நம் நாட்டிலும் இவற்றின் பெரிய உறவுக்காரர்களின் எலும்பு கோதாவரிப் பள்ளத்தாக்கின் மலேரி பாறைகளில் கிடைத்திருக்கிறது. அதில் பலவற்றைத் தேடி எடுத்தவர்கள் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தார் என்று கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எலும்பை விட இடத்தைத்தான் அவர்கள் முதலில் எழுதி வைப்பார்களாம்.

தங்கை நிக்காஹ் ஆல்பத்தைத் தேடினோம். மாப்பிள்ளைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஒரு கல் மட்டும் திரும்பி நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்ததில் "ஓடர்ன்ஹைம்" என்று படிக்க முடிந்தது. ஜெர்மனியில் அபடியோன் என்ற இருவாழ்விக்குப் பேர்போன ஊர். மூன்றில் அது எந்தக் கல் என்பதைப் பின்பக்கத்து உடைசலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற இரண்டுக்கும் ஊர் இல்லை.

அந்த நிபுணருக்கு இரண்டு முறை போன் செய்தேன். பணம் வேண்டாம், கல்லும் வேண்டாம், சீட்டுகளை மட்டும் அனுப்பிவிடுங்கள் என்றேன். "அந்தப் பழைய காகிதமா? அங்கேயே குப்பையில் போட்டேனே" என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. தொண்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சங்கு பார்க்க வருவதாகக் கேள்வி. வெந்நீர் கேட்டால் கொடுக்காதீர்கள்.