எச்சரிக்கை: குறுந்தூர விமானத்தில் பிசினஸ் அப்கிரேட் என்று சொல்லி 240 டாலரை வாங்கிக்கொண்டார்கள்

இரண்டு பேருக்கான பிசினஸ் வகுப்பு அப்கிரேட் என்ற பெயரில் 240 டாலரை வாங்கிக்கொண்டு, எகானமி வகுப்பில் உள்ள அதே இருக்கையில் எங்களை உட்கார வைத்துத் திருப்பி அனுப்பிய ஒரு விமான நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறேன். அவர்களுடைய கடைசிப் பதில் இன்று காலைதான் வந்தது. "இத்துடன் உங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது" என்ற வரியைப் படித்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறுந்தூர வழித்தடங்களில் ஒற்றை நடைபாதை விமானங்களை ஓட்டுகிற, புதிய கேபின் வந்துவிட்டது என்று அண்மைக்காலமாகப் பெரிதாக விளம்பரம் செய்துவருகிற நிறுவனம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இப்படிப்பட்ட அப்கிரேட்டுக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவற்றையும் கடைசியில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்து அதிக நாள் ஆகவில்லை. காலை மடக்கியே வைத்திருந்தால் வீங்கிவிடும். போகும்போது எகானமியில்தான் போனோம். எங்கள் வரிசைக்குச் செல்ல முன்பகுதியைக் கடந்தாக வேண்டியிருந்ததால் அங்கிருந்த பிசினஸ் இருக்கைகளை இருவருமே நன்றாகப் பார்த்தோம். நடைபாதையின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டே இருக்கைகள், நடுவில் அகலமான கைத்தாங்கி, காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு பலகை. "இதுல உக்காந்தா கால நீட்டிக்கலாம் போலிருக்கே" என்று அம்மா சொன்னார். திரும்பும் பயணத்துக்குச் சற்று முன்பாக, ஆளுக்கு 120 டாலர் கட்டினால் பிசினஸ் வகுப்புக்கு மாறலாம் என்று மின்னஞ்சல் வந்தபோது, அதில் இருந்த படம் நாங்கள் கண்ணால் பார்த்த அதே இருக்கையின் படமாக இருந்தது. வழித்தடமும் அதேதான், பயணத் திட்டத்தில் விமானத்தின் வகை என்று குறிப்பிட்டிருந்ததும் போகும்போது இருந்த அதே ஏர்பஸ் ஏ320தான்.

அப்படியிருந்தும் நான் உடனே பணம் கட்டவில்லை. நிறுவனத்தின் சாட் சேவைக்குள் சென்று, படத்தில் உள்ள இருக்கைதான் எங்கள் விமானத்திலும் இருக்குமா, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் காலை நீட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் கேட்கிறேன் என்று தெளிவாக எழுதினேன். "ஆம், படத்தில் நீங்கள் காணும் இருக்கையே வழங்கப்படும், உங்கள் அம்மா விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்" என்று பதில் வந்தது. அந்த வாழ்த்து வரிதான் என் தயக்கத்தைப் போக்கியது என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எதிர்முனையில் ஒரு மனிதர் என் கேள்வியை முழுதாகப் படித்து, காரணத்தையும் புரிந்துகொண்டு பதில் எழுதுகிறார் என்று நம்பித்தான் அடுத்த நிமிடமே 240 டாலரைக் கட்டினேன்.

திரும்பும் நாளில் விமானத்துக்குள் நுழைந்ததும் கண்ட காட்சியே வேறு. முதல் வரிசையிலிருந்தே பக்கத்துக்கு மூன்று இருக்கைகள், பின்னால் எகானமியில் உள்ள அதே இருக்கைகள், அதே இடைவெளி. நடு இருக்கையின் மேல் ஒரு சிறிய தட்டைப் பொருத்தி அதில் யாரும் உட்காராதபடி செய்திருந்தார்கள். சில வரிசைகளுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கியது. எங்கள் 240 டாலருக்குக் கிடைத்த பிசினஸ் வகுப்பு அவ்வளவுதான். எங்கள் போர்டிங் பாஸில் 2ஏ, 2சி என்று இருந்தது. நடு இருக்கைக்குரிய எழுத்தை இந்த நிறுவனம் இரண்டு விதக் கேபினிலும் விட்டுவிடுவதால், இருக்கை எண்ணைப் பார்த்தோ, செக்-இன் செய்யும்போது காட்டப்படும் வரைபடத்தைப் பார்த்தோ எந்தக் கேபின் வரப்போகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

விமானப் பணியாளர் மிகவும் தன்மையாகப் பேசினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அம்மா நடு இருக்கையின் குறுக்காகக் காலை நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, அந்தத் தட்டைக் கழற்ற முடியாது என்றும், புறப்படும்போதும் இறங்கும்போதும் கால்கள் தரையில்தான் இருக்க வேண்டும் என்றும் வருத்தத்துடன் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த விமானத்தில் ஏறும் யாராவது ஒருவர் அடிக்கடி இதைக் கேட்கத்தான் செய்கிறார்கள்" என்றார். விமானத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு வாடிக்கையாகிவிட்ட ஒரு புகார், அப்கிரேட்டை விற்கிறவர்களின் காதுக்கு மட்டும் எட்டவில்லை என்றால் எப்படி நம்புவது? பயணம் முழுவதும் அம்மாவின் முழங்கால் முன்னிருக்கையின் பையில் முட்டிக்கொண்டே இருந்தது.

ஒரே நிறுவனத்தின் விமானங்களில் ஏன் இப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாத கேபின்கள் இருக்கின்றன என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். ஏ320 என்பது 1988 முதல் சேவையில் இருக்கும் விமானம். உள்ளே எந்த இருக்கையைப் போடுவது என்பதை வாங்குகிற நிறுவனம்தான் முடிவு செய்கிறது. பல நிறுவனங்கள் விமானங்களைக் குத்தகைக்கு எடுப்பதால், முன்பு வேறொருவர் ஓட்டிய விமானம் அவர்களுடைய இருக்கைகளோடேயே வந்துசேர்வதும் உண்டு. புதிய கேபினை அறிவித்த மறுநாளே எல்லா விமானங்களிலும் மாற்றிவிட முடியாது. ஒவ்வொரு விமானமும் பெரிய பராமரிப்புக்காகப் பணிமனைக்குப் போகும்போதுதான் பெரும்பாலும் இருக்கைகளை மாற்றுவார்கள். புதிய இருக்கை, புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையைத் தாங்குகிறதா என்ற சோதனையில் தேறிச் சான்று பெற்றிருக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் இருக்கை தயாரிப்பாளர்களால் ஆர்டர்களைக் குறித்த நேரத்தில் கொடுக்கவும் முடியவில்லை. இது போதாதென்று, என்ஜின் தயாரிப்பாளரான பிராட் அண்ட் விட்னியின் ஜிடிஎஃப் வகை என்ஜின்களில் உலோகத் தூளிலிருந்து செய்யப்பட்ட பாகங்களில் குறை இருப்பது 2023 ஜூலையில் தெரியவந்ததால், ஏ320-இன் புதிய வடிவமான ஏ320 நியோ குடும்ப விமானங்கள் நூற்றுக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டன. அந்த இடைவெளியை நிரப்பப் பல நிறுவனங்கள் பழைய விமானங்களை ஓய்வுக்கு அனுப்பாமல் ஓட்டின. சில, வேறு நிறுவனங்களின் விமானங்களைப் பணியாளர்களோடு வாடகைக்கு எடுத்தன.

இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஐரோப்பாவின் குறுந்தூர விமானங்களில் நடு இருக்கையைக் காலியாக விட்டு, திரையைத் தேவைக்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்தி பிசினஸ் வகுப்பு என்று விற்பது நெடுங்கால வழக்கம். அங்கே வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு என்ன வாங்குகிறோம் என்பது தெரியும், அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. பழைய கேபின் இருப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. பழைய கேபினுக்குப் புதிய கேபினின் படத்தைக் காட்டி, புதிய கேபினின் விலையை வாங்குவதைத்தான் குற்றம் என்கிறேன். எந்தப் பதிவெண் கொண்ட விமானத்தில் எந்த இருக்கை இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு மிகத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் புறப்படும் ஒவ்வொரு விமானத்துக்கும் எடையையும் சமநிலையையும் கணக்கிட அந்தத் தகவல் இல்லாமல் முடியாது. கடைசி நேரத்தில் விமானம் மாறுவது இயல்பு என்றே வைத்துக்கொண்டாலும், மாறியதும் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, 240 டாலரைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்க எது தடையாக இருந்தது?

இறங்கியதும் விமான நிலையத்தில் இருந்த அவர்களுடைய கவுண்டருக்குப் போனேன். இருக்கை தொடர்பான புகார்களை இங்கே பெறுவதில்லை, இணையப் படிவத்தில் எழுதுங்கள் என்றார்கள். படிவத்தை நிரப்பினேன்; ஒரு புகார் எண்ணைத் தவிர வேறெதுவும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது, அப்கிரேட்டை விற்பது வேறு பிரிவு என்றார்கள். அந்தப் பிரிவைக் கேட்டபோது, பயணம் முடிந்துவிட்டதால் இது வாடிக்கையாளர் உறவுப் பிரிவுக்குரியது என்று முதலில் பேசியவர்களிடமே திருப்பி அனுப்பினார்கள்.

ஒருவழியாக வந்த முதல் எழுத்துப்பூர்வப் பதிலில், இயக்கக் காரணங்களுக்காக விமானம் மாற்றப்பட்டது என்றும், அத்தகைய மாற்றங்களுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும் எழுதியிருந்தார்கள். விமானம் மாறியிருந்தால் ஏன் எனக்குத் தெரிவிக்கவில்லை, ஏன் பணத்தைத் திருப்பவில்லை என்று கேட்டேன். அடுத்த பதிலில் அப்படியே பல்டி அடித்தார்கள்: முன்பதிவில் குறிப்பிட்டிருந்ததும் ஏ320, பறந்ததும் ஏ320, ஆகவே எந்த மாற்றமும் நிகழவில்லை, நீங்கள் பணம் கட்டிய பிசினஸ் வகுப்பிலேயே பயணம் செய்திருக்கிறீர்கள், படம் மாதிரிக்காக மட்டுமே என்று விளக்கம் தந்தார்கள். விமானம் மாறியது உண்மையானால் அறிவிக்காதது தவறு. மாறவில்லை என்பது உண்மையானால், தொடக்கத்திலிருந்தே அந்தப் பழைய கேபின்தான் என்று தெரிந்தே புதிய படத்தைக் காட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டில் எது உண்மை என்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. சாட் உரையாடலின் நகலை இணைத்து அனுப்பியதற்கு, அது "பொதுவான தகவல்" மட்டுமே என்றார்கள். அறுவைச் சிகிச்சை என்று எழுதிக் கேட்டவருக்கு, நலம்பெற வாழ்த்தும் சொல்லிக் கொடுத்த உறுதி எப்படிப் பொதுவான தகவல் ஆகும்?

கடைசியில் நல்லெண்ணத்தின் அடையாளமாக 20 டாலருக்கு ஒரு வவுச்சர் தருவதாகச் சொன்னார்கள். அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பார்த்தேன்: அடுத்த பயணத்தில் இருக்கை அப்கிரேட் வாங்க மட்டும். 240 டாலரைப் பறித்த அதே கடையில் மீண்டும் பணத்தைக் கட்டச் சொல்லும் இந்த நல்லெண்ணத்தை வேண்டாமென்று மறுத்துவிட்டேன்.

சட்டம் உதவும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறைப்படி, வாங்கிய வகுப்பைவிடக் கீழான வகுப்பில் ஏற்றப்பட்டால் 1500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு டிக்கெட் விலையில் 30 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். தூரம் கூடக்கூட அது 50, 75 சதவீதம் என உயரும். இந்தியாவில் 2023 பிப்ரவரி 15 முதல் உள்நாட்டு விமானங்களுக்கு வரியையும் சேர்த்து 75 சதவீதம் என்று விதி இருக்கிறது. ஆனால் இவை எல்லாமே வகுப்பு குறைக்கப்பட்டதா என்பதை மட்டும்தான் பார்க்கின்றன. திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டால், இருக்கை எதுவாக இருந்தாலும் அது பிசினஸ்தான் என்று நிறுவனம் வாதிட இடம் இருக்கிறது, எனக்கு எழுதிய பதிலிலும் அதைத்தான் செய்தார்கள். இதே நோய் இருக்கைக் கட்டணத்திலும் உண்டு. பல போயிங் 737 விமானங்களில் குளிர்காற்றுக் குழாய்கள் சுவருக்குள் மேலேறும் இடத்தில் ஜன்னலே இருக்காது, ஆனாலும் அந்த இடம் ஜன்னல் இருக்கையாக விற்கப்படுவதுண்டு. இதற்காக 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இரண்டு பெரிய நிறுவனங்கள் மீது பயணிகள் வழக்கே தொடுத்தார்கள்.

ஆலோசனை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நிதானமாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. விமானத்தின் வகைப்பெயரை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், ஒரே ஏ320 என்ற பெயருக்குள் இரண்டு மூன்று விதக் கேபின்கள் இருக்கக்கூடும். "படம் மாதிரிக்காக" என்ற சிறிய எழுத்து எங்கேயாவது தென்பட்டால் அப்கிரேட் வேண்டாம். அவசியம் என்றால் புறப்படும் நாளில், எந்தப் பதிவெண் கொண்ட விமானம் வருகிறது என்பதை விமானங்களைக் கண்காணிக்கும் செயலியில் பார்த்துவிட்டு, கவுண்டரில் வாங்குங்கள். சாட்டில் யார் என்ன உறுதி கொடுத்தாலும் உடனே நகல் எடுத்துவையுங்கள். விமானத்துக்குள்ளேயே இருக்கையைப் படம் எடுங்கள், இறங்கிய பிறகு முடியாது. கடன் அட்டையில் கட்டியிருந்தால், நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்து வங்கியில் முறையிடுவதற்கான கெடுவைத் தவறவிடாதீர்கள்; என்னுடைய 240 டாலருக்கான முறையீட்டை இன்று மதியம் வங்கிக்கு அனுப்பிவிட்டேன்.